குருதி வழிக் காப்பும் சபரகமுவத் தோட்டங்களும்
1934–35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோய் பற்றிய ஓர் ஆய்வு

சபரகமுவ மாகாணம் மழை வளம் மிக்க நாடு. களனி கங்கையும், களு கங்கையும், மகா ஓயாவும் அதன் மலைச்சாரல்களில் நீர் கொண்டு ஆண்டு முழுவதும் ஓடுவன. ஓடும் நீரில் மலேரியா பரப்பும் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுதல் அரிது. ஆதலின், வடமத்திய மாகாணத்தின் குளக்கரை ஊர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய முறைக்காய்ச்சல், கேகாலைப் பகுதி மக்களுக்குப் பெரும்பாலும் பிறர் கூறக் கேட்ட செய்தியாகவே இருந்தது. எனினும், இலங்கை கண்ட மலேரியாக் கொள்ளைநோய்களுள் மிகக் கொடியதான 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோய், காய்ச்சலுக்குப் பேர்போன அனுராதபுரத்தை விட்டு, நலம் மிகுந்ததென எண்ணப்பட்ட கேகாலை மாவட்டத்தையே முதன்மையாகச் சூறையாடியது. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதே மாகாணத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் கிராமத்தவரினும் குறைந்த அளவில் மாண்டமைக்குக் காரணம் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும். இவ்விரு வினாக்களும் இறுதியில் ஒரே பொருளில் வந்து கூடுகின்றன. அது, மனிதக் குருதியில் உறையும் காப்பு வன்மையும், தாயின் குருதியிலிருந்து சூல்வித்தகத்தின் வழியே சேய்க்குச் செல்லும் அதன் பகுதியுமாகும்.

முதற்கண் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவாம். 1934ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் குன்றி, மணற்படுகைகளிலும் பாறைக் குழிகளிலும் தேங்கிய சிறு சிறு குட்டைகளாக மாறின. வெயில் படும் தெளிந்த குட்டை நீரே அனோபிலிசு கூலிசிபேசிசு எனும் நுளம்பிற்கு உகந்த தொட்டில். இலங்கையில் மலேரியா பரப்பும் தலையாய நுளம்பு இதுவே என்பதை எச். எவ். காட்டர் என்னும் ஆய்வாளர் அதற்கு முந்திய பத்தாண்டிலேயே நிறுவியிருந்தார். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் காய்ச்சல் வெடித்தது. டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் உச்சம் எய்தியது. ஏறத்தாழ 53 இலட்சம் மக்கள் வாழ்ந்த இத்தீவில் 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். சில மாதங்களுள் 80,000 பேர் அளவில் இறந்தனர். அவருட் பெரும்பங்கினர் குழந்தைகளும் சிறுவருமே. வரக்காப்பொலை, ரம்புக்கனை, மாவனல்லை முதலிய இடங்களைச் சூழ்ந்த ஊர்களில் நோயுற்றவருக்கு நீர் கொடுக்கவும் எழுந்து நிற்கக்கூடிய ஒருவர் இல்லாத வீடுகள் இருந்தன.

மருத்துவப் பகுதித் தலைவராயிருந்த பிறியர்கிளிவ் என்பார் 1935இல் இதுபற்றி விரிவான அறிக்கையொன்றை அரசாங்கத்துக்கு அளித்தார். இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த கேணல் கில் என்பாரும் அதே ஆண்டில் தனியறிக்கை அளித்தார். கில் பஞ்சாப்பில் பணியாற்றியவர். அங்கு 1908இல் நிகழ்ந்த பெருங்கொள்ளைநோயைக் கிறித்தோபர்சு ஆராய்ந்து 1911இல் எழுதிய நூல், மழையையும் நுளம்பையும் மாத்திரம் நோக்காது, மக்களின் பசியையும் வறுமையையும் ‘மனிதக் காரணம்’ எனக் கணக்கிற் கொண்டது. அம்மரபில் வந்த கில், ஒரு மக்கட்கூட்டத்தின் நிர்ப்பீடனம், அஃதாவது நோயெதிர்க்கும் ஆற்றல், ஏறுவதும் இறங்குவதுமே கொள்ளைநோயின் தோற்றத்தை விளக்கும் திறவுகோல்களுள் ஒன்றென வலியுறுத்தினார். கேகாலையின் நிலை இக்கருத்துக்குப் பொருத்தமான சான்று. உலர்வலயத்தில் ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு பிழைத்தவர் உடலில் ஒருவகைக் காப்பு ஊறியிருந்தது. ஈரவலயத்தார் உடலில் அஃது இல்லை. ஆகவே, நலமாக வாழ்ந்தமையே கேகாலை மக்களுக்குக் கேடாய் முடிந்தது. இரத்தினபுரி மாவட்டத்தினுள்ளேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். எம்பிலிப்பிட்டியைச் சார்ந்த தென்கோடி உலர்நிலம் பழைய காய்ச்சல் நாடு. குருவிட்டை, எகலியகொடைப் பகுதிகள் அவ்வாறல்ல.

காப்பு எனப்படுவது யாது? அன்றைய அறிக்கைகள் அதனை விளைவு கொண்டு அறிந்தனவேயன்றிப் பொருள் கொண்டு அறிந்தில. பெருத்த மண்ணீரலைத் தொட்டு எண்ணுவதே அக்காலத்து அளவுகோல். குருதியில் உள்ள எப்பொருள் காப்பளிக்கின்றது, அதனைப் பிரித்தெடுத்து மற்றொருவர்க்கு ஊட்டவியலுமா என்னும் ஆராய்ச்சி, வேறோர் நோயைப் பற்றி, வேறோர் கண்டத்தில் நடந்துகொண்டிருந்தது. அதனையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

தாயின் காப்பு சேய்க்குச் செல்லுதலை எலிகளில் ஆய்ந்து காட்டியவர் செர்மானிய அறிஞர் எர்லிக், ஆண்டு 1892. நோயுற்றுத் தேறியவரின் குருதி நீர்ப்பாயத்தைக் கொண்டு சின்னமுத்து வராமற் காக்கலாம் என்பதைத் தூனிசு நகரில் நிக்கொல், கொன்சேய் ஆகியோர் 1916ஐ அடுத்துக் காட்டினர். ஆயினும், தேறியவர் எல்லாக் காலத்தும் கிடைப்பதில்லை. இவ்விடரை நீக்க பொஸ்ரன் நகரின் மக்கான், சூ என்னும் இரு மருத்துவர் ஓர் எளிய வழியை எண்ணினர். வளர்ந்தவர் யாவரும் சின்னமுத்துக் கண்டவரே. ஆதலின் பிள்ளை பெறும் தாயர் யாவர் குருதியிலும் அந்நோய்க்கெதிரான பொருள் உண்டு. பிள்ளை பிறந்தபின் எறியப்படும் சூல்வித்தகத்தில் அக்குருதி தங்கியிருக்கின்றது. அதனை அரைத்து, உப்புநீரிற் கரைத்து, புரதத்தைப் பிரித்தால் மருந்து கிட்டும். 1933இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். கேகாலையிற் காய்ச்சல் வெடித்ததற்கு ஓராண்டு முன்னர் நிகழ்ந்தது இது.

தமிழில் சூல்வித்தகத்துக்கு வழங்கும் பழம்பெயர் நஞ்சுக்கொடி. நஞ்சு எனவே தனித்தும் கூறுவர். பிள்ளை பெற்ற வீட்டார் அதனை நாயும் நரியும் தீண்டாவண்ணம் ஆழப் புதைப்பர். நஞ்செனப் பெயரிட்டு நாம் புதைத்த பொருளிலிருந்து பிறர் மருந்தெடுத்தனர் என்று கூறி நம் முன்னோரை எள்ளுதல் எளிது. ஆனால், தங்கிய நஞ்சு தாயைக் கொல்லும் என்பதைக் கண்டறிந்த மருத்துவச்சியர் இட்ட பெயர் அது; அவர் கண்டதும் உண்மையே.

சூல்வித்தகச் சாறு ஊசி ஏற்றிய இடத்தில் வீக்கமும் காய்ச்சலும் தந்தமையால் நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆவாட் பல்கலைக்கழகத்தின் எட்வின் கோன், கொடையாளர் குருதியின் நீர்மத்தைக் குளிர்ந்த மதுசாரத்தின் துணையால் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறையை வகுத்தார். அப்பகுதிகளுள் ஒன்றே காமாகுளோபுலின். பிறபொருளெதிரிகள் எனப்படும் காப்புப் புரதங்கள் செறிந்திருப்பது அதனிலேதான். 1944ஆம் ஆண்டளவில் சின்னமுத்துத் தடுப்புக்கு அது வழங்கப்பட்டது. எனினும் சூல்வித்தகம் முற்றாகக் கைவிடப்படவில்லை. பிரான்சு நாட்டு இலியோன் நகரின் மெரியூ நிலையம் பல நாடுகளின் பிரசவ விடுதிகளிலிருந்து அதனைத் திரட்டி, காமாகுளோபுலினும் அல்புமினும் எடுத்து வந்தது. குருதிவழித் தொற்றுக்கள் பற்றிய அச்சம் பெருகிய 1990களின் தொடக்கத்திலேயே அத்தொழில் நின்றது.

இனி, மலேரியாவுக்கு மீள்வாம். குருதியிற் காப்பு உண்டு என்பது மலேரியாவிற்கும் பொருந்துமா? சின்னமுத்து ஒருமுறை வந்தால் மீளாது. மலேரியாவோ பன்முறை வரும். எனவே ஐயம் நெடுங்காலம் இருந்தது. அதனைத் தீர்த்தவர் மேற்கு ஆபிரிக்காவின் காம்பியாவில் பணியாற்றிய மக்கிரெகர், கரிங்டன், அவரோடு சேர்ந்த கோகென் ஆகியோர். வாழ்நாள் முழுதும் காய்ச்சலிடை வாழ்ந்த காம்பிய வளர்ந்தோரின் குருதியிலிருந்து காமாகுளோபுலினைப் பிரித்து, மலேரியா கண்ட குழந்தைகளுக்கு மூன்று நாள் ஊசி வழி ஏற்றினர். குருதியில் இருந்த ஒட்டுண்ணிகள் சில நாட்களில் வெகுவாகக் குறைந்தன. மலேரியா அறியாத பிரித்தானியரின் குருதியிலிருந்து எடுத்த அதே பொருள் பயனளிக்கவில்லை. 1961இல் இம்முடிவு வெளிவந்தது. மறு ஆண்டிலேயே நைசீரியாவில் எடோசியன், கில்ஸ், உடியோசோ ஆகியோர் இன்னும் ஒருபடி மேற்சென்றனர். வளர்ந்தோர் குருதியிலிருந்து எடுத்ததோடு, பிறந்த குழந்தையின் கொடிக்குருதியிலிருந்து எடுத்த காமாகுளோபுலினும் மலேரியாவைத் தணிப்பதை அவர்கள் கண்டனர். கொடிக்குருதியில் உள்ள காப்பு குழந்தை தானே ஈட்டியதன்று. தாய் ஈட்டியது, சூல்வித்தகம் கடத்தியது. மலேரியா மிக்க நாடுகளிற் பிறந்த குழந்தை முதற் சில மாதங்கள் கடுங்காய்ச்சலின்றித் தப்பும் காரணங்களுள் ஒன்று இவ்வாறு வெளிப்பட்டது. குழந்தைக் குருதியின் ஈமோகுளோபின் வேறுவகையானது என்பது போன்ற பிற காரணங்களும் உள.

இக்கடத்தல் நீர் மண்ணில் ஊறுவது போல வாளா நிகழ்வதன்று. தாயின் பிறபொருளெதிரிகளுள் ஒருவகை மாத்திரமே சூல்வித்தகத்தைக் கடக்கும். பருமனான மற்றொருவகை கடவாது. கடப்பதைத் தேர்ந்து பற்றிக் கொண்டுசெல்லும் ஏற்பி ஒன்று உண்டென 1958இல் பிராம்பெல் என்னும் அறிஞர் ஊகித்தார்; பின்னர் அது மெய்யாயிற்று. கருவின் கடைசி மூன்று மாதங்களிலேயே கடத்தல் மிகும். எனவே குறைமாதத்திற் பிறந்த குழந்தை குறைந்த சீதனத்தோடு பிறக்கின்றது. அச்சீதனமும் மூன்று வாரத்துக்கொருமுறை ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்து, அரையாண்டில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அன்றியும், சூல்வித்தகத்திலேயே மலேரியா ஒட்டுண்ணி குடிகொள்ளுமாயின் கடத்தலே தடைப்படும் என்பதும் பிற்கால ஆய்வுகளின் முடிவு.

இவ்வறிவைக் கையிற் கொண்டு 1934ஆம் ஆண்டின் கேகாலையை மீண்டும் நோக்கினால், அறிக்கைகள் கூறாத ஒன்று புலப்படும். காய்ச்சல் அறியாத தாயின் குருதியில் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அனுராதபுரத்துக் குழந்தை கைமுதலோடு பிறந்தது. கேகாலைக் குழந்தை வெறுங்கையோடு பிறந்தது. இது யாம் செய்யும் அனுமானமேயாயினும், குழந்தைகளின் இறப்பு அவ்வளவு மிகுந்தமைக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் காண்பது அரிது.

தாயரின் நிலையை எழுதி வைத்தவர் ஒருவர் உளர். கொழும்பு டி சொய்சா பிரசவ விடுதியின் மருத்துவர் விக்கிரமசூரிய, கொள்ளைநோய்க் காலத்தில் அங்குச் சேர்ந்த கருப்பிணிப் பெண்களை ஆராய்ந்து, 1935இல் ஒரு கட்டுரையும், 1937இல் கருப்பிணியரின் மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் பற்றிய ஒரு நூலும் வெளியிட்டார். மலேரியா கண்ட கருப்பிணியருள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில் இறந்தனர் என்பதும், கருச்சிதைவும் சாப்பிள்ளைப் பேறும் மலிந்தன என்பதும் அவர் கண்டவை. ஒட்டுண்ணி சூல்வித்தகத்தைக் கடந்து சேயின் குருதியிற் புகுவதையும் அவர் ஆராய்ந்தார். கருவுற்ற பெண்ணை மலேரியா ஏன் இவ்வாறு தேடி வருத்துகின்றது என்பதற்கு விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. ஒட்டுண்ணி புகுந்த செங்குழியங்கள் சூல்வித்தகத்தில் உள்ள ஒரு சருக்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்குகின்றன என்பதை பிரைட், டபி ஆகியோர் 1996இல் காட்டினர். அதற்கெதிரான காப்பு முதற்கருவின்போது இல்லை; பின்வரும் கருக்களின்போது படிப்படியே உண்டாகும். இலங்கையர் ஒருவர் இத்துறையில் அவ்வளவு முன்னரே செய்த பணி, நம் பாடநூல்களில் ஒரு வரிக்கும் இடம் பெறாதிருப்பது வருந்தத்தக்கது.

இனித் தோட்டங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலைச் சாரல்களில் இறப்பரும் தேயிலையும், பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் தேயிலையும் பயிரிட்ட தோட்டங்களில் தென்னிந்தியத் தமிழர் லயங்களில் நெருங்கி வாழ்ந்தனர். கொள்ளைநோயின்போது அவர்களிடையே இறப்பு கிராமங்களிற் போன்று உயரவில்லை. இதற்கு அக்காலத்தோர் சிலர் மனத்தில் எழுந்த விளக்கம் இலகுவானது: இந்தியத் தொழிலாளியின் உடல் வேறு, அவன் குருதி காய்ச்சலுக்குப் பழகியது என்பதே. இன்றும் இவ்வாறு கூறுவார் உளர். இக்கூற்று இருமருங்கும் தீங்கு பயப்பது. ஒருமருங்கு தொழிலாளியை வருந்தாத விலங்காக்குகின்றது; மறுமருங்கு அவனைக் காய்ச்சல் சுமந்து வந்த அந்நியனாக்குகின்றது. ஆதலின் அதனை நுணுகி ஆராய்தல் கடன்.

மலேரியாக் காப்பு பிறப்புரிமையன்று. தொடர்ந்து நோய் தாக்காவிடின் அது சில ஆண்டுகளில் தேய்ந்தழியும். திருச்சிராப்பள்ளியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த ஒருவர் பழைய காப்பு ஏதேனும் கொணர்ந்திருப்பினும், எட்டியாந்தோட்டையில் பத்தாண்டு வாழ்ந்தபின் அது எஞ்சியிராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிறங்கி வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் வழியிலேயே காய்ச்சலால் மடிந்தனர். பின்னர் அவ்வழியும் ஒழிந்தது. தோட்டத்திலே பிறந்து வளர்ந்த பெண்ணின் குருதி, அயற்கிராமத்துச் சிங்களப் பெண்ணின் குருதியைப் போன்றே காப்பற்றது. அவள் பிள்ளையும் அவ்வாறே.

அங்ஙனமாயின் வேறுபாடு எதனாலாயது? உயர்ந்த தோட்டங்களை நுளம்பு எட்டவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் அது தாழ்நில இறப்பர்த் தோட்டங்களுக்குப் பொருந்தாது. 1872இலும் பின்னர் 1912இலும் நிறைவேறிய மருத்துவத் தேவைச் சட்டங்களின்படி தோட்டங்களுக்கு மருந்துச்சாலையும் மருந்தாளரும் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்தில் பேர் பதியும்போதே எவருக்குக் காய்ச்சல் என்பது கங்காணிக்குத் தெரியும். கொயினா அங்கேயே கொடுக்கப்பட்டது. கூலியோடு அரிசி வழங்கும் ஒழுங்கு 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தால் உறுதியாகியிருந்தது. கிராமத்திலோ மழை பொய்த்தமையால் நெல் விளையவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் கைக்காசும் இல்லை. கொயினா வரும்வரை காத்திருத்தல் வேண்டும். கிறித்தோபர்சு கூறிய மனிதக் காரணம் இதுவே. தோட்டத் தொழிலாளியைக் காத்தது குருதியன்று. நாள்தோறும் கிடைத்த அரிசியும் கொயினாவும் என்பதே எமது துணிபு.

இதனாற் தோட்ட நிருவாகத்தைப் புகழ்ந்ததாகக் கொள்ளற்க. துரைமார் மருந்து கொடுத்தது வேலை நில்லாதிருத்தற்பொருட்டு. அதே தோட்டங்களில் கொக்கிப்புழு, தாயரின் குருதியை வெளிறச் செய்துகொண்டிருந்தது. 1916இல் றொக்பெல்லர் தாபனத்தார் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிய ஒழிப்பு வேலை, மலகூடங்கள் அமையாத இடங்களில் மீண்டும் மீண்டும் பயனற்றுப் போயிற்று. விக்கிரமசூரிய தம் நூலின் தலைப்பிலேயே இரு நோய்களையும் இணைத்தமை தற்செயலன்று. குருதி குன்றிய தாய்க்குப் பிறந்த எடை குறைந்த குழந்தைகள் லயங்களில் மிகுதியாக இறந்தன. அவ்விறப்புக்கள் ஆண்டுதோறும் நிகழ்ந்தமையால் எவரும் அவற்றைக் கொள்ளைநோய் என்றழைக்கவில்லை.

கிராமங்களில் துயர்துடைக்க முன்வந்தவருள் சூரியமல் இயக்கத்து இளைஞர் குறிப்பிடத்தக்கவர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் கேகாலை ஊர்களில் மருந்தும் பருப்பும் வழங்கினர். காய்ச்சலால் இளைத்தவர்க்கு மார்மைற் எனும் புளிச்சத்துப் பசையையும் உருண்டையாக்கிக் கொடுத்தனர் என்பர். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் பெரேரா றுவான்வெல்லைத் தொகுதியில் வென்றமைக்கு இப்பணியே அடிகோலிற்று. பருப்பு மாத்தையா என்னும் பெயர் அவருக்கு நெடுநாள் நிலைத்தது.

கொடைக்குருதியால் மலேரியாவைத் தீர்க்கலாம் என்னும் நம்பிக்கை பின்னர் எவ்வாறாயிற்று? ஐவரி கோஸ்ற் நாட்டு வளர்ந்தோரின் பிறபொருளெதிரி தாய்லாந்து நோயாளர் எண்மர்க்கு ஏற்றப்பட்டு, ஒட்டுண்ணிகளைக் குறைத்தமை 1991இல் வெளியாயிற்று. அப்பொருள் தனித்து ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. வெண்குழியங்களைத் தூண்டி அவற்றின்வழித் தொழிற்படுகின்றது என்பதும் அவ்வாய்வாளர் கண்டது. ஆயின், 1992இல் மலாவி நாட்டில் மூளை மலேரியா கண்ட குழந்தைகளுக்குக் கொயினாவோடு இதனையும் சேர்த்துக் கொடுத்தபோது மிகுபயன் ஒன்றும் விளையவில்லை. தாயின் காப்பே சேய்க்குப் பகையாவதும் உண்டு. டெங்குக் காய்ச்சலில், தாய் தந்த பிறபொருளெதிரி தேய்ந்து குறையும் மாதங்களில் அது வைரசைத் தடுக்க வலுவற்று, குழியங்களுட் புகத் துணைபுரிகின்றது என்பர். 1,86,000க்கு மேற்பட்டோரை டெங்கு பற்றிய 2017ஆம் ஆண்டினைக் கண்ட நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

1946ஆம் ஆண்டு முதல் தெளிக்கப்பட்ட டி.டி.ரி. மருந்தினால் மலேரியா தணிந்தது; 1963இல் தீவு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர்; சில ஆண்டுகளுள் அது மீண்டும் இலட்சக்கணக்கிற் பெருகியது. இடையில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையாலும் சபரகமுவத் தோட்டங்களிற் பிறந்தோர் பலர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவர்தம் நஞ்சுக்கொடி புதைந்த இடம் அட்டுலுகமவா ஆத்தூரா என்று எந்த அலுவலரும் வினவவில்லை. உள்நாட்டிற் பற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012ஆம் ஆண்டு அக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதனால் இன்று கேகாலையிலும் இரத்தினபுரியிலும், கிராமமாயினும் லயமாயினும், பிறக்கும் குழந்தை மலேரியாவுக்கெதிரான தாய்வழிக் காப்பு ஏதுமின்றியே பிறக்கின்றது. 1934இல் இருந்த நிலையும் இதுவே. கூலிசிபேசிசு நுளம்பு அழிந்துவிடவில்லை. இரத்தினபுரி மாணிக்க வணிகர் மடகசுக்கார் முதலிய ஆபிரிக்க நாடுகளுக்குச் சென்று மீள்கின்றனர். காய்ச்சலோடு மீண்டோரும் உளர். இக்காரணம் பற்றியே, குருதி கொடுக்க வருவோரிடம் அண்மையில் எந்நாடு சென்று வந்தீர் என்று குருதி வங்கியில் வினவுகின்றனர்.